மோதவில்லை என்பதற்காகக் கைதட்டாதீர்கள்

அந்த வேன் வீடியோவைப் பற்றி இனி வாயே திறக்கக் கூடாது என்றுதான் நேற்றிரவு படுக்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் என் கமெண்ட்டுக்குக் கீழே இன்னும் அறுபது பதில்கள். "லைசென்ஸ் இருக்கா மேடம்?" என்று ஒருவர். "புதுசா எது வந்தாலும் இவங்களுக்கு ஆகாது" என்று இன்னொருவர். பத்து வருட நண்பர் ஒருவர் என் அப்பாவை இழுத்து ஒரு வரி எழுதியிருக்கிறார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பதினொரு விநாடி. ஓரமாக ஒரு சரக்கு வேன் நிற்கிறது, பின்கதவு திறந்திருக்கிறது. ஓட்டுநர் இல்லாத கார் வருகிறது, வந்த வேகத்திலேயே வருகிறது. வேனுக்கு முன்னாலிருந்து ஒரு அம்மா குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையில் கால் வைக்கிறார். கார் சடாரென்று நிற்கிறது. பம்பருக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். மேலே எழுதியிருந்தது: "மனுஷன் ஓட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு உசுரு போயிருக்கும்."

நான் எழுதியது இரண்டே வரி. "நல்ல ஓட்டுநருக்கு இந்த பிரேக்கே தேவைப்பட்டிருக்காது. வேனைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்திருப்பார்." இதில் எந்தச் சொல் உங்களை இவ்வளவு கோபப்படுத்தியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மோதாமல் இருப்பது வேறு. பாதுகாப்பாக ஓட்டுவது வேறு. அந்த இரண்டு வரியில் நான் சொல்ல வந்தது அதுதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

லைசென்ஸ் கேட்டவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அதிகம் பேசமாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் பிரேக்கை அழுத்தி மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு விரலை மடக்குவார். வகுப்பு முடிந்ததும் கையைக் காட்டுவார். "இன்னைக்கு மூணு. மூணு தடவையும் நீ லேட்டாப் பார்த்திருக்கே." அந்த மூன்று தடவையும் நான் யாரையும் இடிக்கவில்லை. ஒரு நாய் குறுக்கே வந்தது, ஒரு பஸ் திடீரென்று நின்றது, இப்படித்தான் ஏதாவது இருக்கும். நான் நியாயம் சொல்வேன். அவர் கேட்கமாட்டார். "நாய் திடீர்னு வரலை. நீதான் திடீர்னு பார்த்தே" என்பார். அன்று எரிச்சலாக இருக்கும். பத்தொன்பது வருடம் நான் ஓட்டியது அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான்.

கணக்காகவே பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். காய்ந்த சாலையில் முழு பிரேக் போட்டால் வண்டி நிற்க ஏறக்குறைய 9 மீட்டர் ஆகும். அதே வண்டி 30-இல் வந்தால் 5 மீட்டர் போதும். வேகத்தைக் கால்வாசி குறைத்தால் பிரேக் தூரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. அப்புறம் அந்த ஒரு முழம் நாலைந்து மீட்டராக இருந்திருக்கும், அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். யாரும் வீடியோ எடுத்திருக்கமாட்டார்கள். நன்றாக ஓட்டினால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

"அதுக்கு சுத்திலும் கண்ணு இருக்கு, கண் இமைக்கிற நேரத்துல முடிவெடுக்கும், உங்களால முடியுமா?" முடியாதுதான். ஆனால் லேசரால் தூரம் அளக்கும் லைடாரும் கேமராவும் வேனை ஊடுருவிப் பார்ப்பதில்லை. மறைவுக்குப் பின்னால் ஆள் இருக்கலாம் என்று நினைத்து முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பது எவ்வளவு சீக்கிரம் பிரேக் போடுகிறாய் என்பதோடு சம்பந்தப்பட்டதல்ல. தெரியாத இடத்தை எப்படி மதிக்கிறாய் என்பது அது. நான்காவது விநாடியில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். வேனுக்கு அடியில் இரண்டு பாதமும் சின்னச் சக்கரங்களும் தெரிகின்றன. அந்த அம்மா திடீரென்று வரவில்லை.

சரி, இப்போது உங்களுடைய பலமான வாதத்துக்கு வருகிறேன். ஓட்டுநர் இல்லாத கார்களை ஓட்டும் வேமோ நிறுவனத்தின் கணக்கை நாலு பேர் ஒட்டியிருந்தீர்கள். 2025 ஜனவரி வரை ஆளில்லாமல் ஓடிய 5.67 கோடி மைல்களில், அதே நகரங்களில் மனிதர்கள் ஓட்டுவதோடு ஒப்பிட்டால், பாதசாரிகள் காயமடைந்த மோதல்கள் 92 சதவீதம் குறைவு. அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அந்த நிறுவனத்தின் ஆட்களே எழுதியது என்றாலும் ஆய்விதழில் வந்தது, அதைக் குப்பை என்று தள்ளமாட்டேன். உலகம் முழுக்க வருடத்துக்குக் கிட்டத்தட்ட 12 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். அதைக் குறைக்க ஒரு எந்திரம் வருமென்றால் அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் அந்தக் கணக்கு எதை எண்ணுகிறது? மோதலை எண்ணுகிறது. மோதாமல் போனதை எண்ணுவதில்லை. ஒரு முழத்தில் நின்ற கார் அந்தக் கணக்கில் சுத்தமான பூஜ்யம். நாலு மீட்டரில் மெதுவாக நின்ற காரும் அதே பூஜ்யம். இரண்டும் ஒன்றா? அந்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

சாவை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவில் 2023-இல் மனிதர்கள் ஓட்டியதில் 10 கோடி மைலுக்கு 1.26 சாவு. அது அவ்வளவு அரிது. மனிதர்களைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு காட்டவே ஒரு சாவும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும் என்று ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியது. அதுவரைக்கும் எதை வைத்து மதிப்பிடுவது? அன்றாடம் ஓட்டுவதை வைத்துத்தான். வேன் ஓரம், பள்ளி வாசல், மழையில் குடை பிடித்து நடப்பவர், பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர், இவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான்.

2016 பிப்ரவரி 14-இல் அமெரிக்காவின் மவுண்டன் வியூவில் தானாக ஓடும் கூகுள் கார் ஒன்று பஸ்ஸில் உரசியது நினைவிருக்கிறதா? சாலையோர வடிகாலைச் சுற்றி மணல்மூட்டை கிடந்தது. அதைத் தாண்டிப் போக, கார் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தடத்தின் நடுப்பக்கம் நகர்ந்தது. பின்னால் வந்த பஸ் தனக்கு வழிவிடும் என்று கார் நினைத்தது. பஸ் விடவில்லை. யாருக்கும் அடிபடவில்லை, சின்ன உரசல். அதற்குப் பிறகு அவர்கள் காருக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? பஸ் மாதிரிப் பெரிய வண்டிகள் வழிவிடுவது குறைவு என்பதை. சாலையில் ஒரு வாரம் ஓட்டியவருக்குத் தெரிந்த விஷயம். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தெரியாததை ஒப்புக்கொண்டு அவர்கள் திருத்தினார்கள், அது நல்லது. சரியாக நின்றுவிட்டது என்று கைதட்டியிருந்தால் திருத்தியிருப்பார்களா?

2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய ஒரு கார் ஒரு பெண்ணை இடித்து, பக்கத்தில் வந்த, க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத காரின் முன்னால் தூக்கிப் போட்டது. க்ரூஸ் கார் பிரேக் போட்டது, இடித்தது, நின்றது. அதுவரைக்கும் அதைக் குறை சொல்வது கடினம். அதன் பிறகு பக்கவாட்டில் ஏதோ இடித்திருக்கிறது, ஓரமாக ஒதுங்கி நிற்பதுதான் பாதுகாப்பு என்று தீர்மானித்து நகர்ந்தது. அடியில் அந்தப் பெண் இருந்தார். ஏறக்குறைய 6 மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. ஓரம் கட்டுவது நல்ல பழக்கம், விதிப்படி சரி. ஆனால் ஒரு ஆளை இடித்த பிறகு வண்டியை அசைக்கும் முன் இறங்கி, குனிந்து பார்க்க வேண்டும். இதை எந்த ஓட்டுநருக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

இந்த இடத்தில் "94 சதவீத விபத்து மனிதத் தவறுதான்" என்று வருவீர்கள். நேற்றே மூன்று பேர் வந்துவிட்டீர்கள். அந்த எண் 2015-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட ஒரு சின்ன அறிக்கையில் உள்ளது. அதே அறிக்கையில், இதை விபத்துக்கான காரணமாகவோ யார் மேலாவது தவறு சுமத்துவதாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. சங்கிலியாக நடந்த பலவற்றில் கடைசிக் கண்ணி ஓட்டுநர், அவ்வளவுதான். எண்ணை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து என்னைப் படி படி என்கிறீர்கள்.

"மனுஷன் குடிச்சிட்டு ஓட்டுறான், போன் பார்த்துக்கிட்டே ஓட்டுறான்." ஓட்டுகிறான். அது கேவலம். ஆனால் குடித்தவனோடு ஒப்பிட்டு ஒருவரை நல்ல ஓட்டுநர் என்று நாம் சொல்வதில்லையே? பிரிட்டனில் 2024-இல் வந்த சட்டம், கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநர் அளவுக்காவது பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்கிறது. நானும் அதைத்தான் கேட்கிறேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கார் மனிதனைப் பார்த்துப் பழகினால் மனிதனின் கெட்ட பழக்கமும் வரும், அது தனிக் கவலை. நிறுத்தக் குறியீட்டில் முழுக்க நிற்காமல் உருண்டு போகும்படி டெஸ்லா தன் கார்களில் வைத்திருந்த வசதியை 2022-இல் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான கார்களிலிருந்து நீக்க வேண்டிவந்தது. யாரும் அடிபட்டதாகத் தகவல் இல்லை, அதனால் பரவாயில்லை என்று அன்றைக்கும் சொன்னார்கள். மறுபடியும் அதே வாதம். மோதவில்லையே!

இந்தச் சொல் எனக்கு ஏன் இப்படி வலிக்கிறது என்று கேட்டார்கள். சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுபத்து நாலு. முட்டிவலியால் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன, ஆனால் சைக்கிளை விடவில்லை. தள்ளிக்கொண்டு நடப்பார். கைத்தடி பிடிக்கக் கூச்சம், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டால் கௌரவமாக இருக்கிறது. போன வருடம் ஒரு மாலையில் சாலையைக் கடக்கும்போது ஒரு கார் அவர் பக்கத்தில் வந்து சடாரென்று நின்றது. தொடவில்லை. அப்பா பதறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் ஓடிப் போனபோது கார்க்காரர் ஜன்னலை இறக்கி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "நான் இடிக்கவே இல்லைங்க." உண்மைதான். அவர் இடிக்கவில்லை. எந்தக் கணக்கிலும் அது விபத்தாக ஏறவில்லை. அதற்குப் பிறகு அப்பா சைக்கிளை வெளியே எடுப்பதில்லை. திண்ணைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

"அது மனுஷன் ஓட்டினதுதானே, நீங்களே எங்க பக்கம் பேசுறீங்களே" என்பீர்கள். ஆமாம், மனிதன்தான். அந்த மனிதனுக்கும் நான் கைதட்டவில்லை.

இன்னொன்று. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். தானாக ஓடும் ஊபரின் சோதனைக் கார் இடித்து இறந்துபோனார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். இடிப்பதற்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. வாகனம் என்றது. வேறு ஏதோ என்றது. சைக்கிள் என்றது. திரும்பத் திரும்ப மாற்றியது. பெயர் மாறும் ஒவ்வொரு தடவையும் அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டது, அதனால் அவர் எங்கே போகிறார் என்பது அதற்குப் பிடிபடவே இல்லை. ஆள் என்று கடைசிவரை அது சொல்லவில்லை. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்பதே அந்த மென்பொருளில் இல்லை.

"உள்ளே இருந்த கண்காணிப்பாளர் போனில் வீடியோ பார்த்தார், அவர் தப்பு." அறிக்கையும் முதல் காரணமாக அவருடைய கவனக்குறைவைத்தான் சொல்கிறது. அந்தப் பெண் கோடு இல்லாத இடத்தில் கடந்ததையும் சொல்கிறது. சரி. எல்லாம் சரி. ஆனால் 5.6 விநாடி இருந்தது. என் அப்பாவைக் கண்டால் அது என்ன பெயர் வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அந்த மென்பொருள் பழையது, இன்றைய கார்கள் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

இப்போது நண்பருக்கு. நீங்கள் இந்தத் துறையில் வேலை செய்கிறீர்கள், உங்கள் உழைப்பை ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. என்னைத் திட்டியதெல்லாம் இருக்கட்டும், நான் தாங்கிக்கொள்வேன். "வயசானவங்க ரோட்டுக்கு வந்தா வீட்ல இருக்கவங்கதான் பார்த்துக்கணும், கார் என்ன பண்ணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவும் முகநூலில் இருக்கிறார், என் பதிவுகளை எல்லாம் படிப்பார். மணிக்கட்டு முறிந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.