இரவு இரண்டு மணிக்கு வருகிறவர்

எங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவு நடைவழியில், மருந்து அலமாரிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. செவிலியர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் டெபுட்டி நாற்காலி. சென்ற ஜனவரியில் ஓர் இரவு பதினோரு மணிக்கு அதில் வந்து உட்கார்ந்த டெபுட்டி, அதாவது ஷெரீபின் கீழ் வேலை செய்யும் காவலர், மறுநாள் காலை ஏழரை மணிக்கும் அதிலேயே இருந்தார். அவர் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகிக் குட்டையாகத் தேங்கி, பிறகு காய்ந்து, சாலைப் பனிமேல் தூவுகிற சிவப்புக் கற்பொடி மட்டும் தரையில் மிஞ்சியிருந்தது.

அவர் அழைத்து வந்தவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. மனம் கலங்கிப்போய், தனக்கே தீங்கு செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர். அந்த நோயாளியைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். டெபுட்டியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு அவருடைய தோளில் இருந்த ரேடியோவில் மூன்று அழைப்புகள் வந்தன: நெடுஞ்சாலையில் மாடுகள் நிற்கின்றன, ஒரு பண்ணை வீட்டில் தனியே வாழும் முதியவர் இரண்டு நாட்களாகத் தொலைபேசியை எடுக்கவில்லை, மதுக்கடை வாசலில் சண்டை. அன்றிரவு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) முழுவதற்கும் பணியில் இருந்த டெபுட்டிகள் இருவர். ஒருவர் என் எதிரே நாற்காலியில் இருக்க, மற்றவர் அறுபது மைலுக்கு அப்பால் இருந்தார். மூன்று அழைப்புகளுக்கும் தாழ்ந்த குரலில் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, "காபி இன்னும் இருக்கிறதா, டாக்?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஓரிகன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஊர் பெயரைச் சொன்னால் அமெரிக்கர்களே வரைபடத்தில் தேட வேண்டிய ஓரிடத்தில், ஆறு ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். மருத்துவர் கிடைக்காத பகுதியில் மூன்றாண்டு வேலை செய்தால் நாட்டில் தங்கலாம் என்ற விசா நிபந்தனையில் வந்தேன். மூன்றாண்டு முடிந்தும் போக மனம் வரவில்லை. கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் பல ஆண்டு காத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால், சொத்து வரி கட்டுகிறேனே தவிர வாக்கு எனக்கு இல்லை. ஆகவே ஷெரீப் தேர்தலைப் பற்றிய என் கருத்துக்கு இங்கே எந்த மதிப்பும் கிடையாது. அந்தச் சுதந்திரத்தில்தான் எழுதுகிறேன்.

ஷெரீப் என்றதும் நம்மவர்களுக்குத் தொப்பியும் குதிரையும் துப்பாக்கியும் நினைவுக்கு வரும். சொல் பிறந்த இடமோ இங்கிலாந்து. ஒரு வட்டாரத்தில் அரசனுடைய வரியையும் ஆணையையும் பார்த்துக்கொண்ட அதிகாரி அவர். 1215-இன் மாக்னா கார்ட்டாவிலேயே இந்த ஷெரீப்களின் கையைக் கட்டுவதற்குப் பல விதிகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் போன இடமெல்லாம் இந்தப் பதவியையும் கொண்டுபோனார்கள். நம் சென்னையிலும் மெட்ராஸ் ஷெரீப் என்றொருவர் இருந்தார். பிற்காலத்தில் அது பிரமுகர்களை வரவேற்று மாலை போடும் கௌரவப் பதவியாகத் தேய்ந்து, மறைந்தும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், ஓரிகனில் ஜெபர்சன் கவுண்டியின் தலைமையிடத்துக்கும் மெட்ராஸ் என்றுதான் பெயர். நம்மூர்த் துணிச் சுருள் ஒன்றின் பெயரால் வந்தது என்பார்கள். அந்த மெட்ராஸில் இன்றும் ஷெரீப் இருக்கிறார், மாலை போடும் வேலை மட்டும் இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பதவி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியாக மாறிற்று. 46 மாநிலங்களில், பெரும்பாலும் நான்காண்டுக்கு ஒருமுறை, ஷெரீப் தேர்தலில் நின்றுதான் வருகிறார். நகரக் காவல்துறைத் தலைவரை மேயரோ நகர நிர்வாகியோ வேலையை விட்டு அனுப்பிவிட முடியும். ஷெரீபை அப்படி அனுப்ப முடியாது. கவுண்டி ஆணையர்கள் அவருடைய பட்ஜெட்டைக் குறைக்கலாம், அவ்வளவுதான். நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் நிலம் முழுவதும் அவர் பொறுப்பு. கவுண்டி ஜெயில் அவர் கையில். நீதிமன்றத்துக்குக் காவல், சம்மன் கொடுப்பது, வாடகை கட்டாதவரை வெளியேற்றுவது, கடனில் மூழ்கிய வீட்டை ஏலம் விடுவது, துப்பாக்கி மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தருவது, மலையில் வழி தவறியவரைத் தேடுவது எல்லாம் ஓரிகனில் அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்தவை. கலிபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் பிண விசாரணை அதிகாரியும் அவரே. கென்டக்கியிலும் லூசியானாவிலும் சொத்து வரி வசூலிப்பதும் அவரே. நம் ஊரில் காவல் ஆய்வாளர், தாசில்தார், ஜெயிலர், நீதிமன்ற அமீனா என்று நாலு பேர் பார்க்கும் வேலையை ஒரே கட்டடத்தில் அடைத்ததுபோல் இருக்கும்.

இத்தனை வேலையும் எவ்வளவு பெரிய நிலத்தில் நடக்கிறது என்பதை நேரில் பார்க்காதவருக்கு விளக்குவது கடினம். ஹார்னி கவுண்டி 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்புடையது, தமிழ்நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் சுமார் 7,500 பேர். 2016 ஜனவரி 2 அன்று ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம், நிலம் மத்திய அரசுடையதா மக்களுடையதா என்று கேட்டுக்கொண்டு, அங்குள்ள மல்ஹூர் வனவிலங்குச் சரணாலயத்தின் அலுவலகங்களைப் பிடித்து உட்கார்ந்தது. அதற்கு முன்பே அவர்கள் ஷெரீப் டேவிட் வார்டைத் தேடி வந்து, சிறைக்குப் போக வேண்டியிருந்த உள்ளூர்ப் பண்ணையாளர்கள் இருவரை அவர் தன் அதிகாரத்தால் காக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நாட்டில் ஷெரீபுக்கு மேல் யாருக்கும் அதிகாரமில்லை என்று நம்பும் ஒரு போக்கு உண்டு. 1997-இல் மொன்டானாவையும் அரிசோனாவையும் சேர்ந்த இரு ஷெரீப்கள் மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வென்ற பிறகு அந்தப் போக்குக்குக் கால் முளைத்தது. நீதிமன்றம் சொன்னதோ, மத்திய அரசு தன் வேலையை உள்ளூர் அதிகாரிகள் தலையில் கட்டக் கூடாது என்பது மட்டுமே. ஷெரீபே அரசியல் சாசனத்தின் கடைசி நீதிபதி என்று எந்தத் தீர்ப்பும் சொன்னதில்லை.

வார்டு அந்த வேடத்தைப் போட மறுத்தார். பர்ன்ஸ் ஊரில் பொதுக்கூட்டம் கூட்டி, வந்தவர்கள் போக வேண்டுமா என்று ஊராரைக் கேட்டார். மறுநாள் ஒரு வெறும் சாலையில் அந்தக் கூட்டத்தின் தலைவனை நேரில் சந்தித்து, கவுண்டி எல்லை வரை பாதுகாப்பாகக் கொண்டுபோய் விடுகிறேன், போய்விடுங்கள் என்றார். அவர்கள் போகவில்லை. 41 நாள் நீடித்த முற்றுகையில், அதன் முன்னணியில் இருந்த ஒருவர் சாலையில் மாநிலக் காவலர்களால் சுடப்பட்டு இறந்தார். முடிவு வார்டின் கையில் இருக்கவில்லை. ஆனால் பல சரக்குக் கடையில் வரிசையில் நிற்கும்போது எதிர்ப்பட வேண்டியிருக்கிற மனிதர்களின் ஷெரீப் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்தச் சாலைச் சந்திப்பைத்தான் நான் சொல்வேன்.

இந்த நெருக்கத்தைப் புகழ்வது எளிது, நானும் புகழ்ந்தவன்தான். ஆனால் பணம் இல்லாத இடத்தில் நெருக்கம் எதற்கும் உதவாது என்பதைத் தென்மேற்கு ஓரிகனின் ஜோசபின் கவுண்டி காட்டியது. அங்கே நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசின் காடு. அதற்குச் சொத்து வரி கிடையாது. அதற்கு ஈடாக, வெட்டும் மரத்தின் வருவாயில் பெரும் பங்கு பல ஆண்டுகள் கவுண்டிக்கு வந்தது. புள்ளி ஆந்தையைக் காக்கும் நடவடிக்கைகளோடு 1990-களில் மரவெட்டு சுருங்கிற்று. 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பணமும் வற்றிய 2012 மே மாதத்தில் கூடுதல் வரிக்கு மக்களின் ஒப்புதலைக் கேட்டார்கள். அங்கே நிரந்தர வரி வீதம் 1,000 டாலர் சொத்து மதிப்புக்கு 58 சென்ட், மாநிலத்திலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று. அப்படியிருந்தும் மக்கள் முடியாது என்றார்கள். ஷெரீப் பெரும்பாலான டெபுட்டிகளை வீட்டுக்கு அனுப்பினார், ஜெயிலிலிருந்து கைதிகளை விடுவித்தார், குடும்ப வன்முறைக்கு ஆளாகக்கூடியவர்கள் காவல் வசதியுள்ள வேறிடத்துக்குக் குடிபெயர்வதைப் பற்றி யோசிக்கலாம் என்று அறிக்கையும் விட்டார். அந்த ஆகஸ்டில் ஒரு வார இறுதியில், முன்னாள் துணைவன் கதவை உடைக்கிறான் என்று ஒரு பெண் 911 என்ற அவசர எண்ணை அழைத்தாள். அழைப்பு மாநிலக் காவல்துறைக்கு மாற்றப்பட்டது. அனுப்புவதற்கு யாரும் இல்லை என்பதை அந்தப் பணியாளர் பல நிமிடங்கள் அவளிடம் விளக்கிக்கொண்டிருக்க, அவன் உள்ளே நுழைந்து அவளைத் தாக்கினான்.

இதைச் சொன்னால் என் நண்பர்களில் ஒரு சாரார், அப்படியானால் ஷெரீபுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்கிறார்கள். அங்கேதான் நான் தயங்குகிறேன். எந்த வேலைக்கு என்று கேட்காமல் கொடுக்கும் பணம் எங்கே போகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அலபாமாவில், கைதிகளின் சாப்பாட்டுக்கு மாநிலம் தரும் தொகையில் மிச்சம் பிடித்ததை ஷெரீப் தன் சொந்தப் பணமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பழைய சட்டத்துக்குப் பொருள் கொண்டிருந்தார்கள். மார்கன் கவுண்டியில் வாரக்கணக்கில் மலிவு விலை சோளமாவுச் சாசேஜைத் தின்னக் கொடுத்த ஷெரீபை 2009-இல் மத்திய நீதிபதி ஒரு நாள் சிறையில் வைத்தார். எட்டோவா கவுண்டி ஷெரீப் 7,50,000 டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டதும், கடற்கரை வீடு ஒன்று வாங்கியதும் 2018-இல் வெளியே வந்து, அவர் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். தேர்தல் வேலை செய்தது என்று இதைச் சொல்வோர் உண்டு. அதற்குள் எத்தனை ஆயிரம் சாப்பாட்டுத் தட்டு போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. கைதிகள் பெரும்பாலும் வாக்காளர்கள் அல்லர், வாக்காளர்கள் பெரும்பாலும் ஜெயிலுக்குள் போய்ப் பார்த்தவர்கள் அல்லர்.

ஒரு மருத்துவனாக எனக்கு ஷெரீப் அலுவலகத்தின் மையம் ரோந்துக் கார் அன்று, ஜெயில்தான். அமெரிக்க உள்ளூர் ஜெயில்களில் இருப்போரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் இன்னும் தண்டனை பெறாதவர்கள், விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். கைதிக்கு மருத்துவம் மறுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1976-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், ஒருவர் உள்ளே போன நாளிலிருந்து பொதுவாக அவருக்குப் பணம் தராது. செலவு முழுவதும் கவுண்டியின் தலையில், அதாவது ஷெரீபின் பட்ஜெட்டில் விழும். சர்க்கரை நோய்க்காரர், சாராயம் நிறுத்தியதால் வலிப்பு வரப்போகிறவர், பென்டனில் என்ற போதை மருந்துக்குப் பழகியவர், கர்ப்பிணி என்று யார் வந்தாலும், இரவில் முதலில் பார்க்கும் கண் மருத்துவம் படிக்காத ஒரு ஜெயில் டெபுட்டியின் கண். உள்ளூர் ஜெயில் மரணங்களில் முதலிடம் தற்கொலைக்கு. நம் ஜெயிலில் யார் கதவைத் திறந்து பார்க்கிறார்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று தேர்தல் மேடையில் ஒருவரும் கேட்டு நான் கண்டதில்லை. துப்பாக்கி உரிமையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்.

அந்த ஜனவரி இரவின் நாற்காலிக்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டு. விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லாத கைதியை ஏழு நாளுக்குள் மாநில மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று ஓரிகனுக்கு மத்திய நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. 2003-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. அந்த மருத்துவமனை சேலத்தில் இருக்கிறது. (மாம்பழம் நினைவுக்கு வரும், ஆனால் மாநிலத் தலைநகரின் பெயரும் அதுவே.) படுக்கைகள் இப்படி நீதிமன்றம் அனுப்புகிறவர்களால் நிரம்பிவிடுவதால், குற்றம் எதுவும் செய்யாத, நோய் மட்டுமே உள்ள மனிதருக்கு இடம் கிடைப்பதில்லை. மற்ற மருத்துவமனைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டு, இடம் கிடைக்கும் வரை டெபுட்டி நாற்காலியில் இருக்கிறார். கிடைத்ததும், எங்கள் பக்கத்தில் பெரும்பாலும், அவரே காரின் பின் இருக்கையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு இருநூறு மைல் ஓட்டுகிறார். உடல் நலமில்லாதவர் ஆம்புலன்ஸில் போகிறார், மனம் நலமில்லாதவர் கம்பி போட்ட காரில் போகிறார். இதில் நோயாளிக்கு ஒரு கொடுமை, மாடுகள் நிற்கும் சாலையில் இருளில் வந்துகொண்டிருக்கும் ஓட்டுநருக்கு இன்னொன்று.

ஆகவே என் கருத்து இதுதான்: கூடுதல் வரி கேட்டு அடுத்த முறை வாக்குச்சீட்டு வரும்போது, அதில் முதல் டாலர் டெபுட்டிகளின் எண்ணிக்கைக்கு அல்லாமல், அந்த நாற்காலியை எடுப்பதற்குப் போக வேண்டும். சீருடையில்லாத, பயிற்சி பெற்ற இருவரும் ஒரு வண்டியும் இருந்தால் மனநோயாளிகளை இட்டுச் செல்லலாம். ஒரு ஷெரீபின் கௌரவமும் அதனால் குறையாது. ஜெயில் மருத்துவத்தை ஷெரீபிடமிருந்து எடுத்து, அவருக்குக் கீழ்ப்படாத ஒரு மருத்துவ அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். தேர்தலில் வந்த ஷெரீப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நியமன அதிகாரிகளின் லட்சணத்தையும் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் நான்காண்டுக்கு ஒருமுறை வரும் வாக்கு ஒன்றே போதுமான கண்காணிப்பு என்று சொல்வதை ஏற்க முடியவில்லை, பல கவுண்டிகளில் எதிர்த்து நிற்க ஆளே இல்லாதபோது.

இதையெல்லாம் அந்த டெபுட்டியிடமே ஒருநாள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வரிக்கு எதிராக வாக்களித்தவர்களில் தன் அப்பாவும் ஒருவர் என்றார். ஓய்வூதியத்தில் வாழ்பவர், அவரைக் குறை சொல்ல முடியாது என்றார். பேச்சைத் தொடர்வதற்குள் ரேடியோ கூப்பிட்டது. தொலைபேசியை எடுக்காத முதியவரின் பண்ணைக்கு மறுபடியும் போக வேண்டும். அன்று ஜனவரியில், காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அவர் சமையலறைத் தரையில் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார், உயிரோடு. எங்களிடம்தான் கொண்டுவந்தார்கள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், தொலைபேசியை மட்டும் இன்னும் எடுப்பதில்லையாம்.