பழைய வீட்டில் சின்ன வேலை என்று ஒன்று கிடையாது

"மாசம் பொறந்தா வாடகை வந்து விழுது, உங்களுக்கென்ன சார்!" இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுச் சொந்தக்காரன் என்றாலே அடுக்குமாடி அடுக்குமாடியாகக் கட்டி வைத்து, கணக்குப் பார்க்க ஆள் போட்டு, காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என்ற நினைப்பு. என்னிடம் இருப்பது அப்பா காலத்துக் கட்டடம் ஒன்று, அதில் வாடகைக்கு விட்ட இரண்டு வீடு. மேனேஜர், குமாஸ்தா, வாட்ச்மேன், நடுராத்திரியில் மோட்டார் போடுகிறவன் எல்லாம் நானேதான்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று போன் வரும். வாஷர் மாற்றினால் தீர்ந்தது, கால் மணி நேர வேலை. அப்படித்தான் ஆரம்பிக்கும். தண்ணீரை நிறுத்தலாம் என்று வால்வைத் திருகினால் அது அசையாது. வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் இறுகிப்போயிருக்கும். வம்படியாகத் திருகினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். சரி, மேல்தொட்டியிலேயே அடைக்க வேண்டியதுதான். அதாவது மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் கிடையாது. அப்புறம் பிளம்பர் குழாயை ரெஞ்சால் பிடித்து ஒரு திருப்பு திருப்புவார். சுவருக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம். அதைக் கேட்டதுமே எனக்கு அடிவயிறு கலங்கிவிடும். உள்ளே இருக்கும் எல்போவில், அதாவது குழாய் வளையும் இணைப்பில், மரை உடைந்து அங்கேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். இனி சுவரை உடைக்க வேண்டும்.

அந்தக் காலத்து ஜி.ஐ. பைப்புக்கு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்க்கு, ஆயுள் மிஞ்சிப்போனால் 40, 50 வருஷம். உள்ளே இருக்கும் துத்தநாகப் பூச்சு கரைந்ததும் துரு அடுக்கடுக்காகச் சேர்ந்து, துளை சுருங்கிக்கொண்டே வரும். வெட்டி எடுத்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரை அங்குல பைப்பில் ஒரு பென்சில் நுழைய இடமில்லை. ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது என்று குடியிருப்பவர் இத்தனை நாள் சொன்னதற்கு விடை அதற்குள் இருந்தது. உடைந்த இடத்தில் மட்டும் புது பிளாஸ்டிக் பைப் போட்டு இணைத்தால் போதாதா? போடலாம். ஆனால் தட்டின தட்டலில் உதிர்ந்த துரு அப்படியே ஓடிப்போய் மற்ற குழாய்களின் வாயை அடைத்துக்கொள்ளும். அடுத்த நாள் குளியலறைக்காரர் போன் செய்வார். உடைத்த இடத்தில் ஒட்ட அதே டைல்ஸ் கிடைக்காது. அந்த டிசைன் வருவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கடைசியில் சமையலறைச் சுவரில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி நாலு வெள்ளை டைல்ஸ். அதைப் பார்த்து, "கஞ்சத்தனமா வேலை பாத்திருக்கீங்களே" என்று வேறு கேட்பார்கள்.

ஒழுகலைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும். பழைய கட்டடத்தில் தண்ணீர் புகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. மொட்டை மாடியில் கிழக்கு மூலையில் விரிசல் இருக்கும். தண்ணீர் தளத்துக்குள்ளேயே நகர்ந்து, ஒயர் போகும் குழாயைப் பிடித்துக்கொண்டு, நடுக்கூடத்து ஃபேன் கொக்கியில் வந்து சொட்டும். கூரையில் ஓரம் மட்டும் பழுப்பேறிய ஒரு வட்டக் கறை. அதற்குள் தளக்கம்பி துருப்பிடித்திருந்தால் இன்னும் விசேஷம். துரு, அது உண்டான இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். இடம் எங்கே இருக்கிறது? கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். காரை பெயர்ந்து கட்டிலுக்குப் பக்கத்தில் விழும். "இது எப்ப இருந்து இருக்கு?" என்று கேட்டேன். "அது ரொம்ப நாளா அப்படித்தான் சார் இருக்கு, உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..." ஐயா, அந்தத் தொந்தரவை அப்போதே செய்திருக்கக் கூடாதா! பல்பு மாற்றுவதற்கு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடத் தெரிகிறது, கூரை ஊறுவதைச் சொல்ல மட்டும் கூச்சமா?

அடுத்தது ஓதம். தரையிலிருந்து ஏறும் ஈரம் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதற்கு மேலே ஈரம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வருகிற மேஸ்திரி எல்லாரும் ஒரே மருந்துதான் சொல்வார்கள்: "கொத்திட்டு சிமென்ட் பூசிடலாம் சார்." அது சுண்ணாம்புக் காரைச் சுவர். உள்ளே போன ஈரம் தானாக வெளியே காய்ந்துபோக வழி விடும் சுவர். அதன் மேல் சிமென்டைப் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, பூசாத இடம் பார்த்து வெளியே வரும், உப்புப் பூத்துக்கொண்டு. இதுதான் நடக்கும் என்று சொன்னால், "நான் எத்தனை வீடு பாத்திருக்கேன்" என்பார். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி உத்தியோகம்.

பழைய பெயின்டைச் சுரண்டுவதிலும் நிம்மதி இல்லை. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் 1978-லேயே வீட்டுப் பெயின்டில் அதற்குத் தடை வந்துவிட்டது. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, வீட்டில் குழந்தை இருக்கிறது என்று நான் தலையால் அடித்துக்கொள்வேன். பெயின்டர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு உப்புத்தாளை எடுப்பார்.

உயிர் விஷயமாயிற்றே என்று ஆர்.சி.சி.பி. போட்டேன். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரன்ட்டைத் துண்டித்துவிடும் நல்ல சாதனம். போட்ட அன்றைக்கே ஆரம்பித்தது கூத்து. விளக்கைப் போட்டால் போகிறது, கீசரைப் போட்டால் போகிறது. பழைய ஒயரின் மேல் உறை வெடித்து ஆங்காங்கே கசிவு. போதாக்குறைக்கு எந்தப் புண்ணியவானோ இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலை, அதாவது கரன்ட் திரும்பிப் போகும் ஒயரை, இழுத்துக் கட்டியிருக்கிறார். இத்தனை காலம் ஆபத்து சத்தம் போடாமல் இருந்தது. இப்போது அது பிடிபடுகிறது. ஆனால் குடியிருப்பவர் பார்வையில் என்ன? "நீங்க அந்தப் பெட்டியை மாட்டறதுக்கு முன்னாடி எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு சார்?" அவர் சொன்னதாவது பரவாயில்லை. வந்த எலக்ட்ரீஷியன், "அதைக் கழட்டிடுங்க, தொல்லை விட்டுச்சு" என்றாரே, அவரை என்ன செய்வது?

வருகிற ஒவ்வொரு ஆளும், ஏற்கெனவே வேலை செய்துவிட்டுப் போனவரைத் திட்டிவிட்டுத்தான் பையைத் திறக்கிறார். "யார் சார் இதைச் செஞ்சது?" போன தடவை வந்த உங்கள் சித்தப்பா மகன்தான் என்று சொல்லியும் பார்த்தாயிற்று.

குடியிருப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய பகை இல்லை. வாடகை கொடுக்கிறார்கள், தண்ணீர் வர வேண்டும், கூரை விழக் கூடாது, கேட்பது நியாயம்தான். வீட்டை அழுகவிட்டு வாடகையை மட்டும் ஏற்றுகிற சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாங்கும் திட்டில் பாதி எனக்கும் வந்து சேர்கிறது. ஆனால் கணக்கை யாராவது கொஞ்சம் பாருங்கள். நூறு வீடு வைத்திருப்பவருக்கு ஒரு வீடு காலியாக இருந்தால் நூற்றில் ஒன்று. எனக்கு ஒரு வீடு காலி என்றால் பாதி வருமானம் போச்சு. ரிப்பேருக்காக ஒரு மாதம் பூட்டி வைத்தால், அந்த வீட்டின் ஆண்டு வாடகையில் 12-ல் ஒரு பங்கு காற்றோடு போகும், செலவு தனி. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். திடீரென்று நடந்தால்தான் பணம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, துருப்பிடித்தது, ஊறியது எல்லாம் பொதுவாக அதில் சேராது. பழைய வீட்டில் திடீரென்று என்ன நடக்கும்? எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கும். வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் பராமரிப்புக்கு எடுத்து வை என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது என் வீட்டில் ஒரு தளக்கம்பிக்கே காணாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் எல்லாரும் ஒரே யோசனையில் வந்து நிற்பார்கள்: "பேசாம இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்க சார்." எவ்வளவு சுலபம்! இருக்கிறவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவருக்கு அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும், அனுமதிக்கு நடக்க வேண்டும், கட்டி முடிக்கிற வரை ஒரு பைசா வாடகை இல்லாமல் வட்டி மட்டும் கட்ட வேண்டும். யோசனை சொன்ன ஒருத்தரையாவது கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துக்கு வரச் சொல்லுங்கள் பார்ப்போம்.