நகைக்குப் பேரு இருக்கு, அந்தப் பொண்ணுக்கு இல்லையா?

நகை போட்ட ஒரு தமிழ்ப் பொண்ண எடுத்து ஆன்லைன்ல போட்டிருக்கிற அந்த ஃபோட்டோவப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு, நான் சும்மா இருப்போம்னுதான் இருந்தேன், முடியல. படம் அழகு, அதுல எனக்குச் சண்டையே இல்ல. கருப்புப் பின்னணி, ஒரு பக்கத்துல இருந்து மட்டும் லைட்டு, அட்டிகையும் காசுமாலையும் அப்படி ஜொலிக்குது. ஆனா கீழ போட்டிருக்கிறதப் படிச்சீங்களா? ஃபோட்டோகிராஃபர் பேரு, மேக்கப் போட்டவங்க பேரு, நகைக்கடை பேரு, கேமரா, லென்ஸு எல்லாம் இருக்கு. முகத்தக் குடுத்தவ பேரு மட்டும் இல்ல. ‘தமிழ்ப் பெண், சிங்கப்பூர்’, அவ்வளவுதான்.

கேட்டா, "இது ஃபைன் ஆர்ட், மாடல் யாருங்கிறது முக்கியமில்ல"ன்னு பதில். முக்கியமில்லையா? 85 எம்எம் லென்ஸ்ல அதோட துளைய எஃப் 1.8ன்னு அகலமாத் திறந்து வச்சு கிட்டப் போய் எடுத்தா ஃபோகஸ் சில சென்டிமீட்டருக்குத்தான் நிக்கும். கண்ணு ஷார்ப்பா இருந்தா ஜிமிக்கி மங்கிடும். அந்தப் படத்துல ரெண்டுமே ஷார்ப்பா இருக்குன்னா, கண்ணும் காதும் ஒரே தூரத்துல வர்ற மாதிரி கழுத்தத் திருப்பி மூச்சக்கூட அடக்கி நின்னது அவதானே. ஜிமிக்கி பாரத்துல காது இழுபட, மாட்டல் முடியோட சேர்ந்து சுண்டி இழுக்க, முகத்துல ஒரு சுளிப்பு இல்லாம நின்னிருக்கா. அந்தப் படத்துல ‘உணர்வு உணர்வு’ன்னு சொல்றீங்களே, அத லென்ஸா குடுத்துச்சு?

ஒருத்தர் டச்சு ஓவியர் வெர்மீரக் கொண்டு வந்தார். அவர் வரைஞ்ச ‘முத்துத் தோடு போட்ட பொண்ணு’ ஓவியத்துல இருக்கிறது யாருன்னு யாருக்காவது தெரியுமா, உலகமே கொண்டாடலையான்னு. சார், அது 1665 வாக்குல வரைஞ்சது, ஒரு குறிப்பிட்ட ஆளக் காட்டுறதுக்காக வரைஞ்ச படமும் இல்ல, டச்சுக்காரங்க ‘ட்ரோனி’ன்னு சொல்ற முக ஓவியம் அது. யார் உக்காந்தாங்கன்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது. இங்க அவ நம்பர் ஃபோட்டோ எடுத்தவர் போன்லயே இருக்கு!

அவங்களே பேர் வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல, அப்படின்னா? சரி, ‘பெயர் வெளியிட விரும்பவில்லை’ன்னு ஒரு வரி போட எவ்வளவு நேரம் ஆகும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேக்குறவங்களுக்கு. பல வருஷத்துக்கு முன்னாடி தீபாவளிக் கூட்டத்துல, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா பக்கம் எங்கம்மாவ ஒருத்தர் ஃபோட்டோ எடுத்தார். அம்மா அன்னிக்கு ஏழு கல் தோடு போட்டிருந்தாங்க, சீட்டுப் போட்டு வாங்கினது, அந்தச் சீட்டக் கட்ட அவங்க எந்தெந்த ஆபீஸ்ல தரை தொடச்சாங்கன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு நாள் தெரிஞ்சவங்க வீட்டுல காலண்டர்ல அம்மா தொங்குறாங்க. கீழ ‘லிட்டில் இந்தியா’ன்னு போட்டிருக்கு. அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "தோடு நல்லா விழுந்திருக்குல்ல"ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. எனக்கு அத நெனச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

இது புதுசும் இல்ல. ஜி.ஆர்.லாம்பர்ட்ங்கிற ஃபோட்டோ ஸ்டுடியோ சிங்கப்பூர்ல 1867ல ஆரம்பிச்சது. அது மாதிரி ஸ்டுடியோக்கள் இருந்த அந்தக் காலத்துப் போஸ்ட்கார்டுகளப் பாருங்க. மூக்குத்தியும் காப்பும் போட்ட நம்ம பொம்பளைங்க, கீழ ‘கிளிங் பெண்’. தென்னிந்தியர்கள அப்போ அப்படித்தான் கூப்பிட்டாங்க. வெள்ளைக்காரன் பேர் கேக்கல, சரி, அவனுக்கு நாம ஒரு இனத்தோட சாம்பிள். நம்ம ஆளுங்க நம்ம பொண்ண எடுத்துட்டு அதே மாதிரி போட்டா நான் எப்படிங்க வாயை மூடிட்டு இருக்கிறது?

"நல்ல விஷயத்துலயும் குறை கண்டுபிடிக்கிற கூட்டம்"னு என்னைச் சொல்லியிருக்கீங்க. சொல்லுங்க. பேரு போடுங்கன்னு கேட்டது குறைன்னா அந்தக் குறைய நான் இன்னும் நூறு தடவை சொல்லுவேன்.

இன்னிக்குக் காலைல வரைக்கும் மாத்தல, கேட்டவங்க கமெண்டத்தான் அழிச்சிருக்காங்க. அந்த நகைக்கடை பேர மட்டும் எடுத்துட்டுப் போட்டுப் பாருங்க, சாயங்காலத்துக்குள்ள உங்களுக்கு போன் வரும். அவ போன் பண்ண மாட்டான்னு உங்களுக்குத் தெரியும்.