மூன்று வரி எழுதினால் குறைந்தா போய்விடுவோம்?

ஒரு டியூஷன் வகுப்பின் புள்ளிப் பட்டியலை ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்னக் கணினி நிரல், பிழையாகக் கணக்கிட்ட கூத்தைப் பற்றிப் பேசாமல் இருப்போம் என்றுதான் இருந்தேன். நேற்று ஒருவர், "சின்ன ஸ்கிரிப்டுக்கும் டெஸ்ட் எழுதச் சொல்றவருக்கு வேற வேலை இல்லை" என்று என் பெயர் போடாமல் எழுதியிருக்கிறார். டெஸ்ட் என்றால் ஸ்கிரிப்ட் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனை வரிகள். பெயர் போடாவிட்டால் யாருக்குத் தெரியும், பாருங்கள்!

72, 68 எடுத்துவிட்டு, காய்ச்சலால் மூன்றாவது பரீட்சைக்கு வராத பிள்ளைக்குச் சராசரி 70 வந்திருக்க வேண்டும். வந்தது 47. பி சித்தி எங்கே, எஸ் சித்தி எங்கே? பட்டியல் உவர்மலை தொடங்கி நிலாவெளி வரை வட்ஸ்அப்பில் சுற்றிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். வெறும் கட்டத்தை எண்ணாக்க முடியாது என்று, அந்த ஸ்கிரிப்டை எழுதிய கணினி மொழியான பைதன் முதலிலேயே பிழை காட்டியிருக்கிறது. எழுதிய தம்பி 'or 0', அதாவது வெறுமையென்றால் 0 என்று எடு, என்று ஒட்டி அதன் வாயை மூடிவிட்டார். அவ்வளவுதான், வராத பிள்ளை பூச்சியம் எடுத்த பிள்ளையாகிவிட்டது.

மூன்று வரி. 72, 68, வெறுமை கொடுத்தால் 70 வர வேண்டும் என்று ஓர் அசெர்ட், அதாவது சொன்னபடி இல்லாவிட்டால் பிழை காட்டி நிறுத்தும் வரி. ஒரு பரீட்சைக்கும் வராதவருக்கு என்ன வர வேண்டும் என்று ஓர் அசெர்ட். 100ஐத் தாண்டினால் நிற்க வேண்டும் என்று ஓர் அசெர்ட். பட்டியலை அனுப்பமுதல் ஒருக்கால் ஓட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் போகும்?

"வராவிட்டால் பூச்சியம்தானே முறை" என்கிறார்கள். சரி, அப்படியென்றால் அதையே அசெர்ட்டாக எழுதுங்கள். டியூஷன் சேர் ஒன்று நினைக்க, ஸ்கிரிப்ட் வேறொன்று நினைக்கக் கூடாது என்பதுதானே என் கதை?

கிண்ணியாவில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு ஸ்கிரிப்ட் எழுதியபோது முதலாளி நானாவிடம் இந்தச் சோதனை வரிகளை வாசித்துக் காட்டினேன். கணினியே தொடாத மனுஷன், "தம்பி, நெல்லு வராத நாளில என்ன காட்டும்?" என்று கேட்டார். பூச்சியத்தால் வகுக்கும் பிழை அந்த இடத்திலேயே பிடிபட்டது. அவருக்கு விளங்கியது.

இன்னொருவர், ஓட்டும் கட்டளையில் 'மைனஸ் ஓ' (-O) என்ற தெரிவைப் போட்டு ஓட்டினால் பைதன் அசெர்ட்டை விட்டுவிடுமே என்றார். உண்மைதான். வெளியிலிருந்து வரும் தரவை இஃப் (if) நிபந்தனை போட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஆனால் இங்கே யார் 'மைனஸ் ஓ' போட்டார்கள்?

"எங்களிட்டயும் அசெர்ட் இருக்கு" என்று ஸ்கிரீன்ஷொட் போட்டவரை மட்டும் மறக்க மாட்டேன். நிபந்தனையையும் செய்தியையும் ஒரே அடைப்புக்குள் போட்டிருக்கிறார். அது டியூப்பிள், பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய பொதி, ஐயா! உள்ளே ஏதாவது இருந்தாலே உண்மைதான், எந்தக் காலத்திலும் தோற்காது. இதைப் பைதனே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையும் அதே படத்தில் தெரிகிறது.

யூனிட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி 2001இலிருந்து பைதனோடேயே வருகிறது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. இதையே கொழும்பிலிருந்து ஒருவர் ஏசி அறையில் ஸ்லைட் போட்டுச் சொன்னால் கைதட்டுவீர்கள். திருகோணமலைக்காரன் சொன்னால் "அண்ணை படம் காட்டுறார்". பட்டியல் போகமுதல் பார்த்துத் தருகிறேன் என்று சும்மாதான் கேட்டேன், ஒரு பிளேன்டீகூடக் கேட்கவில்லை. "தேவையில்லை" என்றார்கள்.

இப்போது இன்பொக்ஸில் வந்து, "அந்த மூன்று வரியை அனுப்பி விடுங்கோ" என்கிறார்கள். அனுப்புகிறேன். முதலில் கொட்டேஷன் வரும்.