மராபா காபியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

போன மாதம் லண்டனிலிருந்து வந்த மச்சினன் கால் கிலோ காபிக் கொட்டை கொடுத்துவிட்டுப் போனான். ருவாண்டா, மராபா, பூர்பான் வகை, கழுவிய காபி. மிக்சியில் அரைத்து, வழக்கம்போலப் பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கி, பாலை நன்றாகக் காய்ச்சி ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன்டா, பால் திரிஞ்சிருச்சா?"

பால் திரியவில்லை, காபியின் புளிப்பே அப்படி. லேசாக வறுத்த கொட்டை, சிக்கரி துளிகூடக் கிடையாது. அதில் போய்ப் பாலை ஊற்றியது என் தப்பு. மறுநாள் பாலும் சர்க்கரையும் இல்லாமல் தண்ணியாகப் போட்டுக் குடித்தேன். கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் மூக்கில் ஏறுமே, அந்த வாசம். கட்டஞ்சாயாவின் மெல்லிய துவர்ப்பு. ஆற ஆற வெல்லப்பாகு மாதிரி ஓர் இனிப்பு. ஆறிப்போன காபியை நான் விரும்பிக் குடித்தது அன்றைக்குத்தான்.

சரி, இந்த ருசி எங்கிருந்து வருகிறது? பாக்கெட்டைக் கேட்டால் மலை, மண், மரம் என்று சொல்கிறது. பொய்யில்லை. மராபா இருப்பது தெற்கு ருவாண்டாவின் ஹுயே மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். அந்தக் குளிரில் பழம் மெதுவாகத்தான் பழுக்கும். பூர்பான் நல்ல பழைய ரகம். ஆனால் இதே மலையும் இதே மரங்களும் 2000-ஆம் ஆண்டிலும் அங்கேதான் இருந்தன. அப்போது அந்தக் காபிக்குத் தனியாக ஒரு பெயர்கூட இல்லை.

அந்த நாட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மன் பாதிரியார்கள். பிறகு பெல்ஜியம் ஆண்டபோது, நட்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தி நட வைத்தார்கள். ஆளுக்குச் சில நூறு மரம் வைத்திருக்கும் சின்ன விவசாயிகள் வீட்டிலேயே தோல் உரித்து, கிடைத்த பாத்திரத்தில் ஊறவைத்து, கழுவிக் காயப்போட்டு வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். பத்து வீட்டுக் கொட்டை ஒரே மூட்டையில் போய்விழும். ஒருவர் ஒழுங்காகச் செய்து என்ன பயன்? ஏற்றுமதிக்கு அளவு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்திருந்த உலகக் காபி ஒப்பந்தம் 1989-இல் உடைந்து விலை சரிந்தது. 1994-இல் இனப்படுகொலை. அதற்குப் பிறகு அந்த மரங்களை யார் கவனித்திருப்பார்கள்?

1999-இல் மராபா விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பெயர் அபாஹுசமுகாம்பி. ஒரே குறிக்கோளுக்காகச் சேர்ந்து உழைப்பவர்கள் என்று பொருள். படுகொலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் பலர் அதில் உறுப்பினர்கள். அமெரிக்க உதவியில் நடந்த 'பேர்ல்' திட்டமும் ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகமும் கைகொடுத்தன. 2001-இல் அவர்களுக்கென்று ஒரு கழுவும் நிலையம் வந்தது.

கழுவுவது என்றால் தூசி போகக் கழுவுவது என்றுதான் நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பறித்த பழம் அன்றைக்கே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். ராத்திரி தங்கினால் தானாகவே நொதித்துக் கெட்டுவிடும். முதலில் தண்ணீரில் கொட்டுவார்கள். மிதப்பதை ஒதுக்கிவிட்டு மூழ்குவதை எடுப்பார்கள். பிறகு இயந்திரத்தில் தோல் உரிப்பு. அப்போதும் கொட்டையின் மேல் கொழகொழவென்று ஒரு சதை ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டியில் பல மணி நேரம் கிடந்து நொதித்தால்தான் அது விடும். இட்லி மாவு மாதிரிதான் இதுவும். குறைந்தால் கொழகொழப்பு போகாது, கூடினால் காடி வாடை அடிக்கும். நேரம் பார்த்து வாய்க்காலில் விட்டுத் தள்ளித் தள்ளிக் கழுவுவார்கள். கனமான கொட்டை முதலில் படியும். அப்புறம் நிழலில் உட்கார்ந்து, ஈரமாக இருக்கும்போதே சொத்தையைக் கையால் பொறுக்கி, மேசை போன்ற உயரமான வலைகளில் பரப்பி, நாள் முழுக்கப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள்.

பழத்தோடு அப்படியே காயவைத்தால் சதையின் இனிப்பும் புளிப்பும் கொட்டைக்குள் இறங்கி வேறொரு ருசி கொடுக்கும். அதற்கும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகம். கழுவிய காபியில் அந்தப் போர்வை கிடையாது, கொட்டை எப்படியோ அப்படியே தெரியும்.

மராபாவின் ருசியில் பாதியாவது அந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்றுதான் நான் சொல்வேன். தொட்டி சங்கத்துடையது என்பதும் முக்கியம். நல்ல பழம் கொடுத்தால் நல்ல காசு தன் சங்கத்துக்கே வரும் என்றால்தான், அரைப்பழுப்பை விட்டுவிட்டு, நான்கு நாள் கழித்துச் செவந்த பழத்துக்காக மறுபடி மேடு ஏற ஒருவருக்கு மனசு வரும். அவர்கள் தொடங்கிய நேரத்தையும் பாருங்கள். 2001-இல் உலகச் சந்தையில் காபி விலை ஒரு பவுண்டு எடைக்கு (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே. அந்த நிலைமையில் பெயர் சொல்லி விற்ற மராபா காபி 2003-இல் பிரிட்டனின் சைன்ஸ்பரிஸ் கடைகளில் இருந்தது. இன்று ருவாண்டா முழுக்க இருநூறுக்கும் மேல் கழுவும் நிலையங்கள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்துக் காபியில் எப்போதாவது பச்சை உருளைக்கிழங்கு வாடை வரும். அன்டெஸ்டியா என்ற பூச்சி பழத்தைக் குத்துவதோடு தொடர்புடைய கோளாறு அது. ஒரே ஒரு கொட்டை போதும், பானை முழுக்க நாறிவிடும். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ருவாண்டா காபியில் எனக்கு அது வாய்த்தது. ஃபில்டரைச் சரியாகக் கழுவவில்லை என்று அப்போது வீட்டில் திட்டு வாங்கியதும் நான்தான்.

போன வாரம் தெருமுனைக் காபித்தூள் கடையில் பிளான்டேஷன் ஏ வாங்கினேன். நம்மூரில் அதுதான் கழுவிய அராபிகா. "இது எந்த எஸ்டேட்டுங்க, எங்க கழுவினது?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சிக்கமகளூர்லேர்ந்து வருது சார். சிக்கரி எவ்வளவு போடட்டும்?"