மலையையும் சேர்த்துத்தான் ஒசாகா பாதை

ஜப்பானிய ரயில் என்றாலே ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில்தான். அதன் வேகம், நிமிடம் பிசகாத நேரம், நீண்ட மூக்கு ஆகியவற்றைப் பற்றி எத்தனையோ பதிவுகள் வந்துவிட்டன. எனக்கு அதன்மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு ரயில் பாதை ஒரு வட்டாரத்தையே எப்படித் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கின்டெட்சு நிறுவனத்தின் ஒசாகா பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

அது அரசுப் பாதை அல்ல, தனியார் பாதை. ஒசாகா நகரின் உயெஹொம்மச்சி நிலையத்தில் தொடங்கி, நாரா மாநிலத்தைக் கடந்து, அவோயாமா மலையேறி இறங்கி, மியே மாநிலத்தின் ஈசே-நகாகாவாவில் முடிகிறது. நீளம் 108.9 கி.மீ. காலையில் இதே தண்டவாளத்தில் அலுவலகம் போகிறவர்கள் நெருக்கியடித்து நிற்கும் ரயில்களும் ஓடுகின்றன, நகோயாவுக்கும் ஈசேவுக்கும் போகும் சொகுசு எக்ஸ்பிரஸ்களும் ஓடுகின்றன. இந்தக் கலப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாதை மலையைத் தாண்டியதே ஜப்பானியர் மிகப் புனிதமாகக் கருதும் ஷின்டோ தலமான ஈசே ஆலயத்துக்காகத்தான். ஒசாகாவாசிகள் காலையில் கிளம்பி, கும்பிட்டுவிட்டு, அன்றே வீடு திரும்ப வேண்டும் என்பது திட்டம். 1930-இல் ஈசே வரை மின்ரயில் ஓடியது. ஆயிரம் மீட்டருக்கு 33 மீட்டர் உயரும் ஏற்றங்களில், நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை மின்ரயிலில் கடப்பது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல். அதற்கென்றே வலுவான மோட்டார்கள் பொருத்திய பெட்டிகளைச் செய்தார்கள்.

ஆனால் நகோயாவுக்கு நேராகப் போக முடியவில்லை. ஒசாகா பக்கம் தண்டவாளங்களுக்கு இடையே 1,435 மி.மீ. அகலம், ஈசே-நகாகாவாவிலிருந்து நகோயா போகும் கின்டெட்சுவின் நகோயா பாதையில் 1,067 மி.மீ. எல்லோரும் ஈசே-நகாகாவாவில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி ரயில் மாற வேண்டும். நகோயா பாதையையும் அகலமாக்க நிறுவனம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. வேலை 1960-இல் நடப்பதாக இருந்தது.

1959 செப்டம்பர் 26 அன்று ஈசே வளைகுடாப் புயல் அடித்தது. ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கடல் உள்ளே புகுந்து நகோயா பாதையின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பழையபடி சீர்செய்து ரயிலை ஓட்டினால் போதும் என்றுதான் எந்த நிர்வாகமும் நினைக்கும். தலைவர் சயேகி இசாமு வேறு முடிவெடுத்தார். சீரமைப்போடு சேர்த்து அகலப்படுத்தும் வேலையையும் இப்போதே முடித்துவிடுவோம் என்றார். கிசோ, இபி, நகாரா ஆறுகளின் மேல் எழுப்பிய புதிய பாலங்கள் புயலுக்குத் தப்பியிருந்தன என்பது அந்த முடிவுக்குக் கைகொடுத்தது. நவம்பர் 19-இல் தண்டவாளங்களை மாற்றத் தொடங்கி, பகுதி பகுதியாக ஒன்பதே நாட்களில் முடித்தார்கள். டிசம்பர் 12 முதல் ஒசாகாவிலிருந்து நகோயாவுக்கு ரயில் மாறாமல் போக முடிந்தது. ஊரே சேற்றில் கிடக்கும்போது அடுத்த அரை நூற்றாண்டை மனதில் வைத்து ஒருவர் முடிவெடுத்தார் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த வெற்றி ஐந்து ஆண்டுகள்தான் நிலைத்தது. 1964-இல் ஷின்கான்சென் வந்ததும் நகோயா போகிறவர்கள் அதற்கு மாறினார்கள். கின்டெட்சுவின் நகோயா எக்ஸ்பிரஸ்கள் சில இரண்டே பெட்டிகளுடன் ஓடும் நிலைக்கு வந்தன. நிறுவனம் தன் கவனத்தை ஈசே-ஷிமா, கியோட்டோ, நாரா பக்கம் திருப்பிக்கொண்டது. வேகத்தில் வெல்ல முடியாது என்று தெரிந்து, இருக்கை வசதியிலும் குறைந்த கட்டணத்திலும் போட்டியிட்டது. 2020-இல் வந்த ஹினோதோரி ரயிலில் ஒவ்வோர் இருக்கைக்கும் பின்னால் ஓடு போன்ற கெட்டியான ஓர் உறை இருக்கிறது, இருக்கை அதற்குள்ளேயே சாய்கிறது. நீங்கள் எவ்வளவு சாய்ந்தாலும் பின்னால் இருப்பவருக்கு இடைஞ்சல் இல்லை. பயணிக்கு எது வேண்டும் என்று யோசித்தவர்கள் செய்த வேலை இது.

இந்தப் பாதையில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மீன் வியாபாரிகளின் ரயில். ஈசே-ஷிமா கரையிலிருந்து மீன் கூடைகளைச் சுமந்து ஒசாகாவுக்கு விற்கப் போகிறவர்களுக்காகவே 1963 முதல் தனி ரயில் ஓடியது. பொதுமக்கள் ஏற முடியாது, வியாபாரிகள் சங்கத்தினருக்கு மட்டும்தான். மீன் வாடையும் சொட்டும் நீரும் மற்ற பயணிகளுக்குத் தொந்தரவு என்று புகார் வந்தால், மீன்காரர்களை இறக்கிவிடுவதுதான் எளிய வழி. இங்கே அவர்களுக்கென ஒரு ரயிலையே விட்டார்கள். 2020 மார்ச்சில் அது நின்றது. வியாபாரிகள் மிகவும் குறைந்துவிட்டார்கள். அப்போதும் கைவிடவில்லை, சாதாரண ரயில் ஒன்றில் மீன் படங்கள் வரைந்த ஒரு பெட்டியை அவர்களுக்காக இணைத்தார்கள்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். நபாரி வரை பாதையோரம் குடியிருப்புகள் இருக்கின்றன. கிக்யோகாவோக்கா போன்ற சில ஊர்களைக் கின்டெட்சுவே மனை போட்டு உருவாக்கியது. அங்கே மக்கள்தொகை குறைந்துவருகிறது. அதற்கு அப்பால் மேற்கு அவோயாமா, கிழக்கு அவோயாமா போன்ற மலை நிலையங்களில் ஏறி இறங்குவோர் மிகச் சிலரே. டிக்கெட் விற்பனையை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பகுதி வீண் செலவு. ஆனால் அந்த மலைத் தண்டவாளம் இல்லாவிட்டால் நகோயா எக்ஸ்பிரஸும் இல்லை, ஒசாகாவிலிருந்து ஈசே எக்ஸ்பிரஸும் இல்லை. 1971-இல் அங்கே ஒற்றைப் பாதையில் இரண்டு எக்ஸ்பிரஸ்கள் மோதி 25 பேர் இறந்தார்கள். 1975-இல் 5,652 மீட்டர் நீளமுள்ள புதிய அவோயாமா சுரங்கத்தோடு அந்தப் பகுதி இரட்டைப் பாதையானது. ஏறுகிறவர்களை எண்ணிப் பார்த்துச் செய்த செலவா அது?

ஆகவே "நஷ்டப் பகுதி" என்று யாராவது பட்டியல் போடும்போது எனக்குப் பதறுகிறது. ஈகா-கம்பேயில் ஒசாகா பாதையோடு இணையும் ஈகா பாதையை 2007-இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். பிறகு தண்டவாளத்தையும் பெட்டிகளையும் ஈகா நகராட்சியே ஏற்றுக்கொண்டதால் ரயில் ஓடுகிறது. நகராட்சியைப் பாராட்டுகிறேன். ஆனால் வளர்ந்த காலத்தில் ஊரை விற்று லாபம் பார்த்த நிறுவனம், ஊர் சுருங்கும் காலத்தில் செலவை மட்டும் ஊரிடம் தள்ளுவது நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2023-இல் கட்டணத்தைச் சராசரியாக 17 சதவீதம் உயர்த்தினார்கள். பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, இன்னும் கொஞ்சம் உயர்த்தினாலும் இல்லை. அந்தப் பணத்தில் நபாரிக்கு அப்பாலும் சாதாரண ரயில்கள் குறையாமல் ஓட வேண்டும். இதை நிறுவனத்திடம் கேட்கும் உரிமை கட்டணம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.