ரன்வே நீளம்கூட இல்லாத விமானப் பயணம்

இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கிலோமீட்டரை 800-ஆல் வகுத்தால் பறக்கும் நேரம் வந்துவிடும் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். சின்ன விமான நிலையங்களுக்கு அந்தக் கணக்கு உதவாதுங்க. அங்கே வந்துபோவது பெரும்பாலும் ஏடிஆர் மாதிரி டர்போப்ராப், அதாவது இறக்கையில் விசிறி சுழலும் விமானம். நல்ல உயரத்துக்கு ஏறிய பிறகும் மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகம்தான்.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு ஒரு விமானம் உண்டு. 1967-இல் லோகன்ஏர் தொடங்கிய சேவை. தூரம் 2.7 கி.மீ. (நம்ம மீனம்பாக்கம் பெரிய ரன்வேயே 3.6 கி.மீ.க்கு மேல்!) உங்கள் கணக்குப்படி 12 வினாடியில் போய்ச் சேர வேண்டும். விமான நேர அட்டவணையில் 2 நிமிடம். இதுவரை அதிவேகமாகப் போனதே 53 வினாடி. எட்டுப் பேர் உட்காரும் குட்டி ஐலேண்டர் விமானம், ஏறின சூட்டோடு இறங்கிவிடும், வேகம் பிடிக்க இடம் ஏது?

இன்னொன்று, டிக்கெட்டில் அச்சாகும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து போய் நிற்பது வரைக்குமான நேரம். குறைந்த தூரத்தில் இப்படித் தரையில் உருண்டுபோகும் நேரமே பெரிய பங்கைத் தின்றுவிடும். அதையும் சேர்த்து உங்கள் கட்டுரைக் கணக்கைத் திருத்திப் போடுங்களேன்.